தொட்டிக்குள் ஓர் ஆறு

மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். பல் மருத்துவரின் காத்திருப்பு அறையிலும், ஓட்டல் வாசலிலும் கூடப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஒரே காட்சிதான். அடியில் நீலமும் சிவப்புமாகச் சாயம் ஏற்றிய கற்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் கோட்டை. காற்றுக் குமிழி ஏறும்போதெல்லாம் வாயைத் திறந்து மூடும் ஒரு முதலை பொம்மை. இவற்றுக்கு நடுவே மீன்கள், வழி தவறி வந்த விருந்தாளிகளைப் போல, மூலைக்கு மூலை அலைந்துகொண்டிருக்கும்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்திலும் அப்படி ஒன்று இருந்தது. நான் அதைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்டாள்: "ஏன்ப்பா, தாமிரபரணிக்குள்ள கோட்டை எங்க இருக்கு?"

பதில் சொல்ல முடியவில்லை. கோட்டையும் முதலையும் அன்றே பரணுக்குப் போயின. கல்லும் கட்டையும் மட்டும் வைத்து, ஓர் ஆற்றின் அடிப்பகுதியைப் போலவே தொட்டியை அமைப்பது என்று முடிவு செய்தோம். இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறவனுக்கு இது ஒரு பெரிய காரியமா என்று எண்ணினேன். எண்ணியது தவறு. அந்தத் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

இரவில் உடைந்த தொட்டி

முதல் முயற்சியில் நான் செய்தது இதுதான். தொட்டியில் மூன்று அங்குலத்துக்கு மணலைப் பரப்பினேன். அதன் மேல் கற்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்து ஒரு சிறு குகை கட்டினேன். பார்க்க நன்றாகவே இருந்தது. தொட்டியில் அப்போது இருந்தவை உடம்பில் கறுப்புப் பட்டைகள் கொண்ட ஒரு ஜோடி சிக்லிட் மீன்கள். இவற்றின் தாயகம் மத்திய அமெரிக்கா. கல்லின் அடியில் பள்ளம் பறித்து முட்டையிடுவது இவற்றின் பழக்கம். வாயால் மணலை அள்ளி, நான்கு அங்குலம் தள்ளிப் போய்த் துப்பிவிட்டு, மறுபடியும் வந்து அள்ளும். நாள் முழுவதும் இதே வேலை. நாங்கள் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். அடியில் மணல் குறையக் குறைய மேலே இருக்கும் கல்லுக்கு என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான்காம் நாள் இரவு கல் சரிந்து முன் கண்ணாடியில் சாய்ந்தது. கண்ணாடியில் மயிரிழை போன்ற ஒரு விரிசல்தான். ஆனால் விடிவதற்குள் பாதித் தண்ணீர் கூடத்தில் இருந்தது. நாங்கள் குடியிருப்பது மாடியில். கீழே இருக்கும் வீட்டுக்காரரின் கூரையில் ஈரம் படர்ந்து, காலை ஆறு மணிக்கு அவரே மேலே வந்துவிட்டார். மீன்களை வாளியில் போட்டுக் காப்பாற்றினோம். முட்டைகள் போய்விட்டன. அந்தத் தாய்மீன் இரண்டு நாள் வாளியின் அடியையே சுற்றிச் சுற்றித் தேடியது. மகள் என்னோடு அதிகம் பேசவில்லை.

அதன் பிறகுதான் நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். கோடை விடுமுறையில் அம்பாசமுத்திரத்தில் என் அத்தை வீட்டுக்குப் போனபோது, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மகளும் நானும் ஆற்றுக்குப் போனோம்.

ஆறு எப்படி அடுக்குகிறது?

கோடையில் தாமிரபரணியில் தண்ணீர் குறைந்திருக்கும். பாறைகளும் கூழாங்கற்களும் நன்றாகத் தெரியும். முதல் பார்வைக்கு எல்லாம் தாறுமாறாகக் கிடப்பது போல் இருக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்து படம் வரைந்தால் ஓர் ஒழுங்கு தென்படத் தொடங்கும்.

பெரிய கல் ஒன்றும் மணலின் மேல் 'வைத்தது போல்' இல்லை. ஒவ்வொன்றும் தன் உடம்பில் ஒரு பகுதியை மணலுக்குள் புதைத்துக்கொண்டுதான் நிற்கிறது. தண்ணீர் வந்து மோதும் பக்கத்தில் மணல் அரிக்கப்பட்டுப் பள்ளமாக இருக்கிறது. கல்லின் மறுபக்கத்தில், அதாவது நீர் போகும் திசையில், ஒரு வால் போல மணலும் சிறு கற்களும் சேர்ந்து கிடக்கின்றன. ஏன்?

ஓடும் நீரின் வேகம் இரு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை இரு மடங்காவதில்லை. ஏறத்தாழ 64 மடங்காகிறது. வேகத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப அது கூடும் என்பது பழைய நீரியல் விதி. இதையே திருப்பிப் பாருங்கள். வேகம் பாதியாகக் குறைந்தால், நீரின் தூக்கும் திறன் 64-இல் ஒரு பங்காகிவிடும். பெரிய பாறையின் பின்புறம் நீர் தேங்கி வேகம் குறையும் அல்லவா? அதுவரை உருட்டிக்கொண்டு வந்த கூழாங்கல்லை அங்கே கீழே போட்டுவிட்டுத்தான் ஆறு மேலே போகிறது. வேகம் இன்னும் குறைந்த இடத்தில் மணலையும் போடுகிறது.

தட்டையான கற்களைப் பார்த்தபோது மற்றொன்று தெரிந்தது. அவை ஓடு வேய்ந்தது போல ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன; எல்லாவற்றின் மேல் விளிம்பும் நீர் போகும் திசையையே காட்டியது. அப்படிச் சாய்ந்த கல்லை நீர் இன்னும் அழுத்தமாக இருத்தும். மாறாகச் சாய்ந்திருந்தால் அடியில் நீர் புகுந்து புரட்டிவிடும். புரட்டப்பட்டவை போய்விட்டன; புரட்ட முடியாதவை மிஞ்சி நிற்கின்றன. நிலவியல் அறிஞர்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன ஆறுகள் எந்தத் திசையில் ஓடின என்பதைக் கூட இத்தகைய சாய்வைக் கொண்டு கண்டுபிடிக்கிறார்கள்.

வெள்ளத்தில் வந்து ஒதுங்கிய மரம் ஒன்றும் கிடந்தது. அதன் கனத்த வேர்ப்பகுதி நீர் வரும் திசையிலும், மெலிந்த நுனி நீர் போகும் திசையிலும் இருந்தன. வேர்க்கொத்து தரையில் சிக்கிக்கொண்டால், மீதி மரம் காற்றாடியின் வால் போல நீரோடு திரும்பிக்கொள்ளும்.

வீடு திரும்பும்போது மகள் நோட்டில் ஒரு வரி எழுதியிருந்தாள்: "முதலில் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முடிவு செய்ய வேண்டும்." நான் அதன் கீழே சிவப்பு மையால் கோடிட்டேன். எங்கள் தொட்டியில் நீர் இடமிருந்து வலமாக ஓடுவதாக வைத்துக்கொண்டோம். அதன்பின் கல், கட்டை, மணல் எல்லாவற்றுக்கும் இடம் தானாகவே அமைந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். ஆற்றிலிருந்து நாங்கள் எடுத்து வந்தது படங்களை மட்டும்தான். வனப்பகுதிகளில் கல்லோ கட்டையோ எடுப்பது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், ஆற்றில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அதன் அடியில் எத்தனை பூச்சிகள், எத்தனை முட்டைகள்! எங்களுக்கு வேண்டிய கற்கள் ஒரு வயல்வெளியில் கிணறு வெட்டிக் குவித்த மேட்டிலேயே கிடைத்தன. கட்டையும் கிடைத்தது, சாலையை அகலப்படுத்த வெட்டிய ஒரு புளியமரத்தின் வேர்த்துண்டு, ஓராண்டுக்கு மேல் வெயிலில் காய்ந்து கிடந்தது.

கல்லுக்கு ஒரு தேர்வு

எல்லாக் கல்லும் தொட்டிக்கு ஆகாது. கல்லை நன்றாகக் கழுவிக் காயவைத்து, சுரண்டிய இடத்தில் சில துளி வினிகர் விடுங்கள். நுரைத்துக் குமிழி வந்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. வினிகர் மென்மையான அமிலம். ஆகவே குமிழிகள் சிறியனவாக இருக்கும், கண்ணைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால் ஐயத்துக்கே இடம் இருக்காது.

சுண்ணாம்புக்கல் நீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து மெல்லக் கரையும். நீர் கடின நீராகும், காரத்தன்மையும் கூடும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்கு அது பிடிக்கும். மென்மையான ஆற்று நீரில் வாழும் மீன்களுக்கு அது நாள்பட்ட தொல்லை. சிப்பிக்கும் பவழத்துக்கும் இதே கதைதான். பவழத்தைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் சட்டத்தால் தடுக்கப்பட்டவை என்பது வேறு. எங்கள் பக்கத்துக் கருங்கல்லுக்கு இந்தக் குறை இல்லை. துருப்பிடித்த நரம்போ, பொன் போல மின்னும் உலோகக் கோடோ ஓடும் கற்களை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

இனி, தொட்டியை உடைக்காமல் கல்லை வைப்பது எப்படி? எங்கள் பெரிய கல்லின் எடை 5.4 கிலோ, பருமன் 2 லிட்டர். அடர்த்தி 2.7 என்று கணக்கிட்டிருப்பீர்கள். நீருக்குள் வைத்ததும் ஆர்க்கிமிடீஸ் விதிப்படி 2 கிலோ எடை குறைந்து, 3.4 கிலோதான் அடியில் அழுத்தும். கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கல் ஒரு கூரிய முனையில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முனை கண்ணாடியைத் தொடும் பரப்பு 0.1 சதுர சென்டிமீட்டர் என்றால், அங்கே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 34 கிலோ! 35 செ.மீ. உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் அடியில் தரும் அழுத்தமோ சதுர சென்டிமீட்டருக்கு 35 கிராம்தான். ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேறுபாடு. தண்ணீர் முழுவதையும் தாங்கும் கண்ணாடியை ஒரு கல்முனை உடைத்துவிடுவது இதனால்தான். தொட்டியில் நீர் ஊற்றுமுன் கல்லை வைத்தால் 5.4 கிலோவும் அந்த முனையில்தான் இறங்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஆகவே அடிக்கண்ணாடியின் மேல் முதலில் ஒரு பிளாஸ்டிக் தகடு. அதன் மேல் கல்லின் தட்டையான, அகன்ற பக்கம். அதற்கும் பிறகுதான் மணல். மணலின் மேல் கல் அல்ல. கல்லைச் சுற்றி மணல். இந்த வரிசையை மாற்றியதுதான் என் தவறு. இப்போது எந்த மீன் எவ்வளவு பறித்தாலும் கல் அசையாது. கல் மண்ணில் புதைந்து நிற்கும் ஆற்றுத் தோற்றமும் கூடவே வந்துவிடுகிறது.

மிதக்கும் கட்டை

கல் ஒரு வாரத்து வேலை. கட்டை எங்களை இரண்டு மாதம் காக்க வைத்தது.

புளிய வேரைத் தேய்த்துக் கழுவி, பட்டையை உரித்து, ஒரு பெரிய டிரம்மில் போட்டோம். மிதந்தது. இதன் அடர்த்தி என்ன? தராசில் எடை 1,800 கிராம். பருமனை அளக்க, விளிம்பு வரை நீர் நிறைந்த ஒரு வாளியைத் தாம்பாளத்தில் வைத்து, கட்டையை ஒரு கம்பியால் முழுவதும் மூழ்கும்படி அழுத்தினோம். வழிந்த நீரை அளந்தால் 2,100 கன சென்டிமீட்டர். ஆகவே அடர்த்தி 0.86. அதாவது, கட்டையை மூழ்கடித்து வைக்க 300 கிராம் எடை போதும்.

இங்கே ஒரு வியப்பான செய்தி. மரத்தின் செல் சுவரை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 1.5. தேக்கு, புளி, பால்சா எதுவானாலும் இந்த எண் பெரிதாக மாறுவதில்லை! மரம் என்னும் பொருள் உண்மையில் நீரில் மூழ்கக்கூடியது. அதை மிதக்க வைப்பது செல்களுக்குள் இருக்கும் காற்று. பால்சா மரத்தில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். ஆகவே பஞ்சு போல மிதக்கிறது. முற்றிய கருங்காலி வைரத்தில் காற்றுக்கு இடமே குறைவு, ஆகவே மூழ்குகிறது. எங்கள் புளிய வேரில் 1,800 கிராம் மரப்பொருள், அதை 1.5-ஆல் வகுத்தால் 1,200 கன சென்டிமீட்டர். மீதி 900 கன சென்டிமீட்டர் காற்று. அந்தக் காற்றில் மூன்றில் ஒரு பங்கு வெளியேறி, அங்கே 300 கிராம் நீர் புகுந்தால் போதும். கட்டை தானே மூழ்கும்.

இது சரிதானா? சோதித்துப் பார்த்தோம். டிரம்மில் கட்டையின் மேல் ஒரு கல்லை வைத்து அழுத்தி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வெளியே எடுத்து, மேல் ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டு எடை பார்த்தாள் மகள். முதல் வாரம் 140 கிராம் கூடியது. இரண்டாம் வாரம் 60. மூன்றாம் வாரம் 35. பிறகு 25, 20. ஆறாவது ஞாயிறன்று தராசு 2,100 கிராமைத் தொட்டது. டிரம்மில் விட்டதும் கட்டை ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு மெதுவாக அடியில் போய் உட்கார்ந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு அதை மறுபடியும் செய்து காட்ட வேண்டியதாயிற்று.

எடை கூடும் வேகம் ஏன் குறைந்துகொண்டே போகிறது? வேர் வழியே நீரை மேலே கொண்டு செல்லும் நுண்குழல்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. வெட்டிய முனைகள் வழியாக நீர் எளிதில் நுழைந்துவிடும். பக்கவாட்டில் செல்லுக்குச் செல் போவது கடினம். உள்ளே சிக்கிய காற்று, வெளியேற வழியின்றி, நீரில் சிறிது சிறிதாகக் கரைந்துதான் போக வேண்டும்.

சிறு கட்டையானால் பொறுமைக்குப் பதில் அடுப்பைப் பயன்படுத்தலாம். பெரியவர் ஒருவர் துணையோடு, பழைய பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கலாம். சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும்; அதன் இடத்தில் நீராவி நிற்கும். இப்போது அவசரப்பட்டுக் கட்டையை வெளியே எடுத்துவிட்டால் காற்று மறுபடியும் உள்ளே புகுந்துகொள்ளும். அதே நீரிலேயே ஆறவிட வேண்டும். நீராவி குளிர்ந்து சுருங்க, வெளியிலுள்ள காற்றழுத்தம் நீரை உள்ளே தள்ளும். ஊற்றுப் பேனாவில் மை ஏறுகிற அதே முறைதான்.

காத்திருக்க மனம் இல்லாதவர்கள் கல்லைக் கட்டி மூழ்கடிக்கலாம். எவ்வளவு எடையுள்ள கல்? 300 கிராம் என்று பதில் சொல்லாதீர்கள். கல்லும் நீருக்குள் எடை இழக்கும். அடர்த்தி 2.7 உள்ள கல், தன் எடையில் 63 விழுக்காடுதான் நீருக்குள் காட்டும். ஆகவே குறைந்தது 480 கிராம் வேண்டும். ஒரு கிலோவாகவே கட்டிவிடுங்கள். தூண்டில் நரம்பு வெளியே தெரியாது.

எந்த மரம் என்பதும் கவனிக்க வேண்டியது. புளி, கொய்யா போன்ற கெட்டியான, நன்றாகக் காய்ந்த மரங்கள் நல்லவை. பால் வடியும் மரங்கள், பிசின் கசியும் மரங்கள், நஞ்சுள்ள அரளி, கள்ளி வகைகள் ஆகா. பச்சை மரம் எதுவும் ஆகாது. அழுகி நீரைக் கெடுக்கும். பெயர் தெரியாத கட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

முதல் சில வாரங்களில் நீர் தேநீர் நிறமாக மாறும். கட்டையிலிருந்து கசியும் டானின்தான் காரணம். தேயிலைச் சாயத்துக்கும் இதே இனத்துப் பொருள்தான் நிறம் தருகிறது. மீன்களுக்கு இதனால் தீங்கில்லை. தென் அமெரிக்காவில் ரியோ நீக்ரோ என்ற மாபெரும் ஆறே இந்த நிறத்தில்தான் ஓடுகிறது; பெயரின் பொருளே கறுப்பு ஆறு. தெளிவான நீர்தான் வேண்டுமென்றால் அடிக்கடி நீரை மாற்றுங்கள். கட்டையின் மேல் வெண்மையாக ஒரு வழவழப்பு படர்ந்தாலும் பயப்பட வேண்டாம். பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டால் சில வாரங்களில் நின்றுவிடும்.

கண்ணை ஏமாற்றும் கண்ணாடி

எல்லாம் தயார். இனி அடுக்க வேண்டியதுதான். ஆனால் தொட்டிக்குள் கையை விட்டு அடுக்கத் தொடங்காதீர்கள். தொட்டியின் நீள அகலத்தில் ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து, உள்ளே மணலைக் கொட்டி, அதில் அடுக்கிப் பழகுங்கள். நாங்கள் 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பெட்டியில் பன்னிரண்டு முறை கலைத்து அடுக்கினோம். தொட்டி இல்லாத மாணவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். இதற்குக் காசு செலவில்லை.

பெட்டியில் நன்றாக இருந்தது, நீர் ஊற்றியதும் தொட்டியில் தட்டையாகத் தெரிந்தது. காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. குளத்தின் அடி மேலே தெரிவது போல, தொட்டியின் பின்சுவரும் முன்னால் வந்துவிட்டது போலத் தோன்றும். 30 செ.மீ. அகலத் தொட்டி, நேராகப் பார்ப்பவருக்கு 22 அல்லது 23 செ.மீ. போலத்தான் தெரியும். இழந்த ஆழத்தைத் திரும்பப் பெற ஓவியர்களின் தந்திரம் வேண்டும். மணலை முன்னால் 3 செ.மீ., பின்னால் 10 செ.மீ. என்று சரிவாக அமைத்தோம். பெரிய கற்களை முன்பக்கமும், அதே நிறமுள்ள சிறு கற்களைப் பின்பக்கமும் வைத்தோம். இரண்டுக்கும் நடுவே மணல் வழி ஒன்று, முன்னால் அகலமாகத் தொடங்கி, பின்னால் இரண்டு விரல் அகலமாகக் குறுகி, வளைந்து மறைகிறது. தொலைவில் போகும் ரயில் பாதை குறுகுவதைப் பார்த்துப் பழகிய கண், இதையும் தொலைவு என்றே எண்ணிக்கொள்கிறது. மணல் சரிவு நாளடைவில் தானே சமமாகிவிடப் பார்க்கும். மலைச்சரிவில் உழவர்கள் கல்வரப்பு கட்டுவது போல, மணலுக்குள்ளே மறைவாக ஒரு கல்வரிசை வைத்தால் நிற்கும்.

பக்கக் கண்ணாடி செய்யும் மாயம் இன்னும் வேடிக்கையானது. தொட்டியின் முன்னால் நின்று, உள்வழியாகப் பக்கச் சுவரைப் பாருங்கள். அது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போல இருக்கும். நீங்கள் முன்பக்கமாக நின்று பார்க்கும் கோணங்களில், பக்கச் சுவரில் ஒளி 49 டிகிரி என்ற மாறுநிலைக் கோணத்துக்கு மேல் சென்று விழுகிறது. முழு அக எதிரொளிப்பு நிகழ்ந்துவிடுகிறது. உலர்ந்த கையை வெளியிலிருந்து பக்கச் சுவரில் வைக்கச் சொல்லுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் கை தெரியாது! விரல்களை நனைத்து அழுத்தச் சொல்லுங்கள். தொட்ட இடம் மட்டும் தெரியும். இதனால் நமக்கு என்ன? பக்கச் சுவருக்கு அருகே விசித்திரமான வடிவமுள்ள ஒரு கல்லை வைத்தால், அதன் இரட்டைப் பிறவி ஒன்று எதிரே முளைத்து, இயற்கைத் தோற்றம் கெட்டுவிடும். எங்கள் வேரை இரண்டு முறை இதற்காகவே நகர்த்தினோம். சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி விட்டால், பாசி துடைக்கவும் கை நுழையும்.

பெரிய கல்லை நடுவில் வைக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். பொன் விகிதம் என்ற 1.618-ஐக் கணக்கிட்டு, 60 செ.மீ. தொட்டியில் 37-ஆவது சென்டிமீட்டரில் வைக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. நானும் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். 35-இலும் 40-இலும் கல் அதே அழகோடுதான் இருந்தது. அந்த எண்ணில் மந்திரம் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நடுவைத் தவிர்த்தால் போதும். ஆறு நடு பார்த்துக் கல் வைப்பதில்லை.

இந்தக் கலையை உலகுக்குப் பரப்பியவர் ஜப்பானில் நீகாட்டா மாநிலத்தைச் சேர்ந்த தகாஷி அமானோ (1954 - 2015). முதலில் சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர்; பிறகு அமேசான், போர்னியோ காடுகளைப் படம் பிடித்த புகைப்படக் கலைஞர். காட்டில் பார்த்ததைத் தொட்டியில் கொண்டுவர முயன்றார். அவருடைய தொட்டிப் படங்கள் 1992-இல் புத்தகமாக வந்தபின் பல நாடுகளில் கோட்டைகளும் முதலைகளும் பரணுக்குப் போயின. 2015-இல் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரக் கடல்வாழ் உயிர்க் காட்சியகத்தில் அவர் அமைத்த நன்னீர்த் தொட்டியின் நீளம் 40 மீட்டர். கொள்ளளவு 1,60,000 லிட்டர். எங்கள் தொட்டி 60 லிட்டர்.

மீன்கள் வந்தன

கல்லும் கட்டையும் வைத்து நீர் ஊற்றிய அன்றே மீனை விடக் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல், கட்டை, மணல் ஆகியவற்றின் மேற்பரப்பில்தான் குடியேற வேண்டும். அதற்கு சில வாரங்கள் ஆகும். மீன்களை ஒன்றிரண்டாகவே சேர்க்க வேண்டும். சொரசொரப்பான கல்லும் இடுக்குள்ள வேரும் இந்தக் குடியேற்றத்துக்கு நிறைய இடம் தருகின்றன.

சிக்லிட் ஜோடியைப் பெரிய தொட்டி உள்ள ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டோம். ஆற்றில் விட்டுவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். அந்தத் தவற்றை நீங்கள் ஒருபோதும் செய்யாதீர்கள். வெளிநாட்டு மீன் நம் ஆற்றில் பெருகினால், இங்கே பிறந்த மீன்களுக்கு உணவும் இடமும் இல்லாமல் போகும். புதுத் தொட்டிக்கு நாங்கள் கொண்டுவந்தது அயிரை. குழம்புக்கென்று சந்தையில் உயிரோடு விற்பார்கள் அல்லவா, அதில் எட்டு. கூர்மையான மணல் அயிரையின் வயிற்றைக் கிழிக்கும் என்பதால் மென்மையான மணலையே போட்டிருந்தோம். விட்ட மறு நிமிடமே எட்டும் மணலுக்குள் புதைந்து காணாமல் போயின. இரண்டு நாள் ஒன்றையும் காணோம். மூன்றாம் நாள் மாலை, பெரிய கல்லின் வலப்பக்கத்து மணல் வாலிலிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. ஒளிந்துகொள்ள இடம் உண்டு என்று தெரிந்துகொண்ட மீன் வெளியே வரத் தயங்குவதில்லை. இப்போது விளக்குப் போட்டதும் வேரின் மேல் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

பதினொரு மாதம் ஆகிறது. கட்டையின் நிறம் ஆழ்ந்து, கல்லின் மேல் மெல்லிய பச்சை படிந்திருக்கிறது. வடிகட்டியின் குழாயை இடப்பக்கம் மாற்றிவிட்டதால், நாங்கள் நினைத்த திசையிலேயே நீரும் ஓடுகிறது. பின் வரிசையில் ஒரு தட்டைக்கல் மட்டும் தவறான பக்கம் சாய்ந்திருப்பதாக மகள் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வது சரிதான்.

போன வாரம் வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் தொட்டியின் முன் நாற்காலியைப் போட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். மணல் வழியையும், வேரின் மேல் ஏறி உட்கார்ந்த அயிரைகளையும் பார்த்தார். எழுந்து போகும்போது ஒன்றுதான் கேட்டார்: "சார், இது ஒழுகாதுல்லா?"